அருகில் இருப்பவர்கள்

மீனாட்சிபுரம் பால் சோதனைச் சாவடி.
எனக்கு முன்னால் பதினோரு டேங்கர்.
நாளை மறுநாள் ஓணம்.
அந்தப் பக்கம் பாயசத்துக்கு உருளி கழுவிக் காத்திருக்கிறார்கள்,
இந்தப் பக்கம் என் வண்டியில் ஒன்பதாயிரம் லிட்டர்
நாலு டிகிரியில் கிடக்கிறது.
ஐந்தாகிவிடுமோ என்று எனக்கு வியர்க்கிறது.

கிளீனர் திருமூர்த்தி டேஷ்போர்டில் கால் நீட்டித் தூங்குகிறான்.
நான் பந்து உடைக்கிறேன்.
மூன்று சிவப்பு சேர்ந்தால் டப்.
ஆறு வருஷமாக இதுதான்.
ஓனர் திட்டியதும், மச்சான் கடனைத் திருப்பாததும்
இந்தப் பந்துகளுக்குத் தெரியாது.
தெரியாததால்தான் பிடித்தது.

போன மாசம் அப்டேட் ஆனது.
திறந்தால் திங்கட்கிழமைச் சந்தை.
உனக்கொரு குழு வேண்டாமா என்கிறது.
உயிர் தீர்ந்தால் நண்பனிடம் கேள் என்கிறது.
உன் மச்சான் உன்னைவிட இருநூறு கட்டம் முன்னால் என்கிறது.
அதே மச்சான்தான்.
நேற்று எனக்கு இரண்டு உயிர் அனுப்பினான்,
பணத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

இன்றைக்குப் புதிதாக ஒரு பொத்தான்:
அருகில் இருப்பவர்கள்.

அழுத்தினேன்.
ஏழு பேர், எல்லாரும் முந்நூறு மீட்டருக்குள்.
தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன்.
வரிசை முழுக்க, கேபினுக்குக் கேபின்
தாடைக்குக் கீழே நீல வெளிச்சம்.
மூன்று மணி நேரமாக ஒருத்தரும்
ஒரு பீடிக்குக்கூட இறங்கவில்லை.

மழக்காறு என்றொரு பெயர் ஆட்டத்துக்குக் கூப்பிட்டது.
நான் பிளேயர் 40817.
அது வைத்த பெயர், மாற்றத் தெரியவில்லை.

திரைக்கு நடுவே ஒரு கோடு.
நான் உடைப்பது அந்தப் பக்கம் கல்லாக விழும்,
அவர்கள் உடைப்பது என் தலையில்.
நல்ல கை.
ஆனால் தூரத்தில் தடுப்புக் கம்பம் உயரும்போதெல்லாம்
மழக்காறு அசைவதில்லை.
ஒரு வண்டி போகும், அடுத்தது ஏறி நிற்கும்,
கேனில் பால் பிடித்து உள்ளே கொண்டுபோவார்கள்,
லேப் கதவு சாத்தும்.
உடனே என் மேல் கல்மழை.

இரண்டாம் தடவை சந்தேகம்.
மூன்றாம் தடவை வயிறு கலங்கியது.
இன்னும் எட்டு வண்டி இருக்கிறது,
பால் பார்க்க வேண்டிய கை என்னோடு பந்து உடைக்கிறது,
நான் வேறு ஜெயித்துக்கொண்டிருக்கிறேன்.

பாதியில் ஓடினால் வேறு டிரைவரைப் பிடிப்பார்கள்.
ஜெயித்தால் மறுபடி கூப்பிடுவார்கள்,
தோற்றவர்களுக்குத் தூக்கம் வராது,
எனக்குத் தெரியாதா.
ஆகவே தோற்றேன்.
பச்சை மேல் மஞ்சள், மஞ்சள் மேல் நீலம்,
கண்ணை மூடிக்கொண்டு அடுக்கினேன்.

ஒரு சிரிப்புப் பொம்மை வந்தது.
பிறகு இங்கிலீஷ் எழுத்தில் மலையாளம்.
எழுத்துக் கூட்டிப் படித்தேன்:
வெறுதே தோற்கண்டா சேட்டா.
மெஷின் சூடாவான் பத்து மினிட்டு வேணம்.
கொஞ்சம் விட்டு இன்னொன்று:
பன்னிரண்டாமத்தெ வண்டியல்லே?

வரிசை நகரும்போதெல்லாம்
கியர் போட நானும் நிறுத்தியிருக்கிறேன்.
அங்கேயும் ஒருவர் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

என் முறை வந்தபோது மணி பத்தே கால்.
முப்பது வயதிருக்கும், கையுறை, கழுத்தில் அடையாள அட்டை.
கேனை மூக்கருகே கொண்டுபோனார்.
யூரியா இல்லை, புளிப்பு இல்லை.
பெயர் கேட்டார், சொன்னேன்.
வண்டி எண், அப்பா பெயர், சொன்னேன்.
அதற்கு மேல் கேட்க அந்தப் படிவத்தில் கட்டமில்லை.
கோட்டுப் பையில் எதுவோ டப் என்றது.
இருவருமே பால் கேனைப் பார்த்தோம்.

கொல்லங்கோடு தாண்டி டயரில் காற்றுப் பார்க்க நிறுத்தினேன்.
சும்மா அழுத்திப் பார்த்தேன்.
அருகில் இருப்பவர்கள்: ஒருவரும் இல்லை.

பக்கத்து சீட்டில் திருமூர்த்தி குறட்டை விட்டான்.
அவனிடம் இருப்பது பட்டன் போன்.